சிவலோகநாதன் எம்.பி. பேசாமல் விட்ட பேச்சுகள்

பண்ருட்டிக்குத் தெற்கே, முந்திரிக்காடு முடிந்து பலாத்தோப்பு தொடங்குகிற மேட்டில் செம்மண்பாளையம் என்றொரு ஊர் இருக்கிறது. அப்படி ஓர் ஊரே இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் பழம் பழுக்கிற மாதத்தில் அந்த வழியாக பஸ் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு போனதில்லை என்று அர்த்தம். அந்த ஊரில் தேசிங்கு என்பவர் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து, ஓய்வு பெற்று, வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது நாளே எதையாவது பார்த்து எதிலாவது குறித்துக்கொள்ளாவிட்டால் தன் கை பேனாவைத் தேடுகிறது என்று கண்டுபிடித்து, எதைக் குறிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான், அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிவலோகநாதன் மாநிலங்களவைக்கு எம்.பி. ஆனார்.

அவர் எம்.பி. ஆனது ஊருக்கே ஆச்சரியம். கட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் அந்த ஓர் இடத்துக்காக ஒருவர் வேட்டியை ஒருவர் உருவாத குறையாகச் சண்டை போட்டதில், இரண்டு பேருக்கும் தொந்தரவில்லாத ஆள் யார் என்று தேடி, நாற்பது வருஷமாக எல்லா மாநாட்டுக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து எதுவுமே பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிற சிவலோகநாதனைக் கண்டுபிடித்தார்கள். ஊரில் மேளம் அடித்தார்கள். தேசிங்கு அன்றைக்கே நூற்றிருபது பக்க நோட்டு ஒன்று வாங்கினார்.

அவருடைய நியாயம் இதுதான். மற்ற எம்.பி.க்களை ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்களே கேள்வி கேட்பார்கள், மேலவைக்காரரை எம்.எல்.ஏ.க்கள் அல்லவா அனுப்புகிறார்கள், ஆறு வருஷத்துக்கு அவரைக் கேட்க நாதியில்லை. ஆகவே நாம் கேட்போம். கேட்போம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரே ஒழிய, தேசிங்குவுக்கு வாழ்நாளில் யாரையும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை எழுதுவார், வீட்டுக்காரர் கத்தினால் "ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அந்த வேலையைத்தான் இப்போது டில்லிக்கு விரித்தார்.

நாடாளுமன்றம் நடக்கிற நாளெல்லாம் காலை பதினோரு மணிக்கு டிவி முன்னால் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார். சட்டை போடாமல் மேலவையைப் பார்ப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். மாதம் ஒண்ணாந்தேதி 'நம் எம்.பி. நேற்றுவரை' என்று தலைப்பிட்டு ஒரு முழுத்தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவார்: வருகை, கேள்விகள், பேச்சு, வாக்கு. அந்தத் தாளைப் படிப்பவர்கள் மொத்தம் பதினோரு பேர் என்று அவரே கணித்திருந்தார். அதில் நான்கு பேர் வரிசையில் அந்த இடத்தில் நிற்க நேர்ந்தவர்கள். ஒருவர் அவர் மனைவி பச்சையம்மா, அவளும் எழுத்துப்பிழை பார்க்கத்தான். இருந்தாலும் ஒட்டிவிட்டுத் திரும்பி நடக்கும்போது தேசிங்குவின் முதுகு ஜனநாயகத்தையே தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் நிமிர்ந்திருக்கும்.

மூன்று வருஷம் அந்தத் தாள் மாறவே இல்லை. வருகை: தொண்ணூற்று நான்கு சதவீதம். கேள்விகள்: பூஜ்யம். பேச்சு: பூஜ்யம். வாக்கு விஷயத்தில்தான் தேசிங்குவுக்குச் சிரமம். பெரும்பாலான மசோதாக்களுக்கு அவையில் ஆமாம் என்பவர்கள் ஆமாம் என்று கத்துவார்கள், இல்லை என்பவர்கள் இல்லை என்று கத்துவார்கள், எந்தச் சத்தம் பெரிது என்று பார்த்துத் தலைவர் முடிவு சொல்லிவிடுவார், யார் எதைக் கத்தினார் என்பதற்குப் பதிவு கிடையாது. அந்த நேரத்தில் கேமரா தற்செயலாக சிவலோகநாதன் பக்கம் திரும்பினால் தேசிங்கு டிவிக்கு அருகில் போய் அவர் உதட்டைப் பார்ப்பார். 'வாய் அசையவில்லை, மனசு தெரியவில்லை' என்று ஒரு மாதத் தாளில் எழுதியும் இருக்கிறார். எப்போதாவது பொத்தானை அழுத்தி ஓட்டெடுத்தால் கட்சிக் கொறடா சொன்ன பொத்தான் எதுவோ அதை எம்.பி. அழுத்தியிருப்பார்.

நான்காவது வருஷம் பங்குனி மாதத்தில், ரேஷன் அரிசிக்குக் கைரேகையைக் கட்டாயமாக்குகிற ஒரு மசோதா வந்தது. அன்றைக்கு சிவலோகநாதன் இரண்டு முறை நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். ஒருமுறை எழுந்தே விட்டார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அதை விழுங்குவதற்கு அசாதாரணமாகச் சிரமப்பட்டு, உட்கார்ந்துவிட்டார். தேசிங்கு குறித்துக்கொண்டார்: 'எழ முனைந்தார். நீர் அருந்தினார். அமர்ந்தார்.'

எம்.பி.யின் தங்கை முல்லைக்கொடி ஊரில் பழைய வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி, கணவன் போனபிறகு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டவள். அந்த வீட்டு வாசலில் நிற்கிற பலா மரத்தில் முதல் பழம் பழுத்ததும் அண்ணனின் சிநேகிதர் என்று தேசிங்கு வீட்டுக்கு ஒன்று அனுப்புவது வழக்கம். அந்த வருஷமும் அனுப்பினாள். பச்சையம்மா கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, கோணிச்சாக்கை விரித்து, பழத்தைப் படுக்கவைத்துக் கத்தியை இறக்கினாள், பழம் பிளந்தது, உள்ளேயிருந்து சிவலோகநாதனின் குரல், கொஞ்சம் சளி கட்டியதுபோல ஆனால் சந்தேகத்துக்கிடமில்லாமல் அவர் குரல்தான், "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே" என்றது.

பச்சையம்மா கத்தியை எடுக்கவில்லை. "என்னாங்க, உங்க சிநேகிதர் பேசறாரு. டிவிய அமத்துங்க" என்றாள்.

பழம் நான்கு நிமிஷம் பேசியது. எங்கள் அம்மாவுக்குக் கைரேகை கிடையாது என்றது. முப்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்தவள், கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் பத்தும் வழவழவென்று கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது, எங்கள் ஊரில் அப்படி நானூறு பெண்கள் இருக்கிறார்கள், இந்த மசோதா அவர்களை எந்த விரலைக் காட்டச் சொல்கிறது என்று கேட்டது. நன்றி, வணக்கம் என்று முடித்தது. பச்சையம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் கொட்டை உடைத்தவள்தான். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே பேசறாரு. இத அங்கயே பேசறதுக்கு என்னா?" என்றாள். பிறகு சுளை எடுத்தாள். சுளை எப்போதும்போல இனிப்பாகத்தான் இருந்தது.

தேசிங்கு நோட்டைத் திறந்து, 'எழ முனைந்தார். நீர் அருந்தினார். அமர்ந்தார்' என்கிற வரியைப் பார்த்துக்கொண்டே மூன்று சுளை தின்றார்.

இதெல்லாம் எப்படி நடந்தது என்று செம்மண்பாளையத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பலா மரம் காய்ப்பதற்குக் காரணம் கேட்பார்களா என்ன. அவர்களுக்கிருந்த கேள்விகள் வேறு. எத்தனை பழம் இருக்கிறது, எந்தப் பழம் எந்த மசோதா, எப்போது வெட்டுவது, யார் வெட்டுவது. பலா மண்டி வைத்திருக்கிற காதர் பாய் முதலில் வந்து மரத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு பழத்தையும் விரலால் தட்டிக் காதைவைத்துக் கேட்டு, நாற்பது வருஷ அனுபவத்தை வைத்து ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய அரை நிமிஷம் பேசும் என்று சொன்னார், அது பெரும்பாலும் சரியாக இருந்தது. பிஞ்சில் வெட்டினால் பேச்சு திக்கித் திக்கிக் கோபமாக வந்து பாதியில் நின்றது. அளவுக்கு மீறிப் பழுக்கவிட்டால் மசோதாவை விட்டுவிட்டுக் கட்சித் தலைவரையும் பிரதமரையும் எதிர்க்கட்சித் தலைவரையும் ஒருசேரப் புகழ ஆரம்பித்தது. ஆகவே பக்குவ நாள் பார்ப்பது காதர் பாய் பொறுப்பு என்று பஞ்சாயத்துத் தலைவி திலகவதி அறிவித்தார். வெட்டுவதற்கு மாலை ஐந்து மணி என்று வைத்தார்கள், அப்போதுதான் முந்திரி ஆலை விட்டுப் பெண்கள் வந்திருப்பார்கள்.

மரமும் பழைய பருவத்தை விட்டுவிட்டு டில்லியின் பருவத்துக்கு மாறிக்கொண்டது. கூட்டத்தொடர் நடந்தால் காய்த்தது, அவையை ஒத்திவைத்தால் பிஞ்செல்லாம் உதிர்ந்தது. சிறிய பழங்கள் துணைக்கேள்விகள். நீளமானவை நிதிநிலை அறிக்கை மீதான விவாதம், அவற்றில் சுளையைவிட நார் அதிகம். ஜனங்கள் பாயோடு வந்து வட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள், பேச்சு முடிந்ததும் சுளையைப் பங்கிட்டார்கள், கொட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைத்தார்கள். செல்போனில் பதிவு பண்ணியவர்களுக்குக் கத்திச் சத்தமும் வளையல் சத்தமும் மட்டும் கிடைத்தன. கைதட்டல் மட்டும் தெளிவாகப் பதிவாயிற்று. ஆரம்பத்தில் ஒப்புக்குத் தட்டியவர்கள் போகப்போக மனசாரத் தட்டினார்கள். லோகு வாயில்லாப்பூச்சி என்று நினைத்தோமே, உள்ளுக்குள்ளே எவ்வளவு நல்லவன் என்று பேசிக்கொண்டார்கள். முல்லைக்கொடி அண்ணனுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னபோது அவர் "கைதட்டினாங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

தொல்லை தேசிங்குவுக்குத்தான். ஒண்ணாந்தேதி வந்தது, அவர் எழுதினார், பேச்சு: பூஜ்யம்.

ரேஷன் வரிசையில் முதன்முறையாக அந்தத் தாளை எல்லாரும் படித்தார்கள். தன் வாசகர் எண்ணிக்கை ஒரே நாளில் முந்நூறைத் தொட்டது பற்றி அவருக்கு ஒரு விநாடி ஏற்பட்ட பெருமை, அத்தனை பேரும் தன்னைத் திட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் அடங்கியது.

"என்னா ஈ.பி. சார், பூஜ்யம் போட்டிருக்கீங்க?" என்று காதர் பாய் கேட்டார். "பத்தொன்பது பேச்சு நான் எண்ணி வெச்சிருக்கேன்."

"அவைக் குறிப்புல இல்லியே பாய்."

"நம்ம காதுல இருக்குல்ல?"

"காதுல இருக்கறத எழுதறதுக்கு எனக்கு அதிகாரமில்ல" என்றார் தேசிங்கு. அவருக்கு எந்த அதிகாரமும் யாரும் கொடுத்திருக்கவில்லை என்பது அந்த வாக்கியத்தை முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. பச்சையம்மா கூட அன்று இரண்டு வேளை அவரோடு பேசவில்லை. ஆனாலும் அவர் மாற்றவில்லை. மீட்டர் ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்றுதான் எழுதவேண்டும், வீட்டுக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஆறாவது வருஷம், பதவிக்காலம் முடிய நாலே மாதம் இருக்கும்போது, மார்ச் பதினெட்டாம் தேதி அந்த மசோதா வந்தது. தொழில் வழித்தடத்துக்கு மேட்டு நிலங்களை எடுப்பதற்கான மசோதா. அதன் பின்னிணைப்பில், சிறிய எழுத்தில், செம்மண்பாளையம் மேடு இருந்தது: தோப்பு, முந்திரிக்காடு, முல்லைக்கொடி வீடு, ரேஷன் கடை, சுவர். எதிர்க்கட்சிகள் பிடிவாதமாகக் கேட்டதால் பொத்தான் வாக்கெடுப்பு நடந்தது. தேசிங்கு டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தார். பலகையில் பெயர்கள் எரிந்தன. சிவலோகநாதன் பெயருக்கு நேரே பச்சை எரிந்தது. மசோதா பதினான்கு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அவர் எழுதினார்: வாக்கு: ஆம்.

ஊர் அந்த வரியைப் படித்துவிட்டுக் கலங்கவில்லை. "அங்க ஆமான்னா என்னா, மரம் இல்லைன்னு சொல்லும் பாருங்க" என்று திலகவதி சொன்னார், எல்லாரும் மரத்தைப் போய்ப் பார்த்தார்கள். கிளையில் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கழித்து முல்லைக்கொடி வாசல் தெளிக்கும்போது மரத்தடியில் மண் வெடித்திருப்பதைப் பார்த்தாள். வெடிப்பின் வழியாக வாசம் வந்தது. வேர்ப்பலா. காதர் பாய் மண்ணை விலக்கி, தட்டிப் பார்த்து, குந்தியிருந்த இடத்திலிருந்து எழ மறந்து, "நாப்பது கிலோவுக்குக் குறையாது" என்றார். அப்படியென்றால் இருபது நிமிஷம்.

வருவாய்க் கோட்டாட்சியர் ஜூன் மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருப்பதாகத் தபால் வந்தது. சட்டம் நிறைவேறினாலும் நிலம் எடுப்பதற்கு முன் ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும் என்று விதி. அன்றைக்கே ஊர் ஒருமனதாக முடிவெடுத்தது: வேர்ப்பலாவை இங்கே வெட்டக்கூடாது, கூட்டத்துக்குக் கொண்டுபோய் அதிகாரி முன்னால் வெட்டவேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரே இருபது நிமிஷம் எதிர்த்துப் பேசியதைக் கோட்டாட்சியர் கைப்பட எழுதிக்கொண்டால் அதற்கப்புறம் எந்த இயந்திரம் மேட்டில் ஏறும். இவ்வளவு அருமையான யோசனை தோன்றியதில் ஊர் மகிழ்ந்துபோய், யார் யார் என்னென்ன பேசுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தேசிங்குவும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பேச்சு: 1' என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டார். அதிகாரி எழுதினால் அது பதிவுதானே என்று தன் கொள்கைக்கு ஒரு சந்து வெட்டிக்கொண்டார். வெட்டியதும் அவருக்கு எவ்வளவோ லேசாக இருந்தது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். பழத்தைத் தள்ளுவண்டியில் வைக்கோல் பரப்பி, ஈரச்சாக்கு போர்த்தி, முன்னால் திலகவதியும் பின்னால் ஊருமாகக் கொண்டுபோனார்கள். கோட்டாட்சியர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, பத்து மணிக்கு முன்னாலேயே வந்து மேஜையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். திலகவதி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் பழத்தையும் ஜனங்களையும் பார்த்தார்.

"பழம் பேசறதப் பதிவு பண்ண விதி இருக்கான்னு தெரியல. பண்ணக்கூடாதுன்னும் விதி இல்ல. பேசட்டும்" என்றார்.

பச்சையம்மா எண்ணெய் தடவிக்கொண்டாள். கத்தி இறங்கியது.

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே" என்றது பழம். பிறகு அந்தக் குரல் தழைந்து, மேடைக் குரலை விட்டுவிட்டு, ஒருவன் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற குரலாகிவிட்டது. "என் விரலு சிவப்புப் பொத்தான் மேலதான் இருக்குது. சத்தியமா அங்கதான் இருக்குது. எங்க ஊரு மேடு அது. அழுத்திடலாம். ஆனா கொறடா ஆளு பின்னாடி நிக்கறாரு. அடுத்த தடவையும் உனக்குத்தான்னு நேத்திக்குதான் சொன்னாங்க. அழுத்தாட்டி என்னா இப்ப. எப்படியும் ஊர்ல பழம் சொல்லிடும். ஜனங்க வட்டமா உக்காந்து கேப்பாங்க. லோகு உள்ளுக்குள்ள நல்லவன்னு சொல்வாங்க. கைதட்டினாங்கன்னு முல்லை சொன்னாளே. அது போதும். எனக்கு அது போதும். தேசிங்கு மட்டும் பூஜ்யம்னு எழுதுவான். எழுதட்டும், அவன் எழுதறத யாரு படிக்கிறாங்க."

ஒரு பொத்தான் அழுந்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். இருபது நிமிஷப் பழத்தில் மீதி முழுக்க வெறும் சுளை.

யாரும் கைதட்டவில்லை. முல்லைக்கொடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காதர் பாய் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார், தட்டிப் பார்த்தபோது இது ஏன் தெரியாமல் போயிற்று என்பதுபோல.

"முடிஞ்சுதா?" என்று கோட்டாட்சியர் கேட்டார். "வேற யாராவது பேசறீங்களா?"

யாரும் தயாராக வரவில்லை. தேசிங்கு மடியில் நோட்டு இருந்தது. அதைத் திறந்து மார்ச் மாதப் பக்கத்தைப் பார்த்தார். மார்ச் ஏழாம் தேதி, அவர் கையெழுத்தில், அழகான கையெழுத்து அது, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது: 'மேட்டு நில மசோதா, 18ஆம் தேதி பட்டியலில். நம் ஊர் உள்ளது.' பதினோரு நாள் முன்னாலேயே அவருக்குத் தெரியும். எம்.பி. எப்படி வாக்களிக்கிறார் என்று பார்த்து ஒண்ணாந்தேதி தாளில் சேர்த்து எழுதலாம் என்று வைத்திருந்தார். திலகவதியிடம் சொல்லவேண்டும் என்றோ, லோகுவுக்கு ஒரு போன் போட்டு என்னாடா இது என்று கேட்கவேண்டும் என்றோ அவருக்குத் தோன்றவே இல்லை. வாய் அசையவில்லை என்று ஆறு வருஷமாக ஊரான் வாயைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த மனிதர் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எழ முனைந்தார். பச்சையம்மா, கையெல்லாம் பிசினோடு, அவர் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

"என் பேரு தேசிங்கு" என்றார். குரல் பெண்குரலாக வந்தது. செருமிக்கொண்டார். "ரீடிங் எடுத்துட்டிருந்தேன், இப்ப ரிட்டயர்டு. இந்த மசோதா வருதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. குறிச்சி வெச்சிருந்தேன். யாருக்கும் சொல்லல. அது என் தப்பு, அதையும் எழுதிக்குங்க. அந்த மேட்ட நாங்க குடுக்கறதா இல்ல. குடுக்க முடியாது. எனக்குப் பேச வராது, அதனால திருப்பிச் சொல்றேன். இல்லை. இல்லைன்னு எழுதிக்குங்க."

"முகவரி?" என்று எழுத்தர் கேட்டார். தேசிங்குவுக்கு அந்த நிமிஷம் தன் கதவு எண் மறந்துவிட்டது. ஊரிலிருக்கிற ஆயிரத்து எழுநூறு மின் இணைப்பு எண்ணும் மனப்பாடமாக உள்ள மனிதர்.

"ரெண்டு பை நாப்பத்தாறு, கிழக்குத் தெரு" என்றாள் பச்சையம்மா. "எனக்கும் அதே முகவரிதான், எனக்கும் இல்லைதான். கையெழுத்துப் போடறேன். ரேகை கேக்காதீங்க, விழாது."

அப்புறம் காதர் பாய் எழுந்தார். அப்புறம் முந்திரி ஆலைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். சிலர் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள், சிலர் தொடர்பே இல்லாமல் சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள், ஒருவர் எழுந்து நின்று அழுதுவிட்டு உட்கார்ந்தார், எழுத்தர் 'எதிர்ப்பு' என்று குறித்துக்கொண்டார். முல்லைக்கொடி, "அது எங்கண்ணன் வீடு. எங்கண்ணன் ஆமான்னுட்டான். நான் இல்லைங்கறேன்" என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் கலையாததால் வெட்டின பழத்தையே சுற்றிக் கொடுத்தார்கள், கோட்டாட்சியர் இரண்டு சுளை எடுத்துக்கொண்டார், தாளெல்லாம் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. நான்கு மணிக்கு எண்ணியபோது அறுபத்து மூன்று பேர் பேசியிருந்தார்கள். எத்தனை பேர் பேசினார்கள் என்று தேசிங்கு குறிக்கவில்லை, எழுத்தர்தான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து முல்லைக்கொடி வந்தாள். "பழம் என்னா பேசிச்சின்னு அண்ணன் போன்ல கேட்டுக்கிட்டே இருக்குது. எனக்குச் சொல்ல வாய் வரல" என்றாள். தேசிங்கு தானே போன் போட்டார். ஆறு வருஷத்தில் அவர் எம்.பி.க்குப் போட்ட முதல் போன்.

"லோகு, வெட்டினோம்."

"என்னா சொல்லிச்சி?"

"நீ அன்னிக்கு என்னா நெனச்சியோ அத."

"யார் யாரு இருந்தாங்க?"

"எல்லாரும்."

"கைதட்டினாங்களா?"

"இல்லடா" என்றார் தேசிங்கு.

ஜூலையில் பதவிக்காலம் முடிகிற உறுப்பினர்களுக்கு அவையில் பிரிவு உபசாரம் நடந்தது. ஆளுக்கு இரண்டு நிமிஷம். எல்லாரும் எல்லாருக்கும் நன்றி சொன்னார்கள், ஒருவர் கவிதை வாசித்தார். டீக்கடை டிவியில் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. சிவலோகநாதன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார், தண்ணீர் டம்ளரைத் தொட்டார், குடிக்காமல் தள்ளி வைத்தார்.

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே. மார்ச் பதினெட்டாம் தேதி இந்த அவையில நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். செவப்பை அழுத்தியிருக்கணும். பயந்துட்டேன். அதை இப்ப மாத்த முடியுங்களா?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை அவை காத்திருந்தது. பதிவான வாக்கை மாற்ற விதியில் இடமில்லை என்று தலைவர் கனிவாகவே சொன்னார்.

"சரிங்க. மாத்தச் சொல்லிக் கேட்டேன்கறதையாவது எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு சிவலோகநாதன் உட்கார்ந்தார். ஐம்பது விநாடி ஆகியிருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த கட்சிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த தடவைக்கு அவர் பெயர் இல்லை என்று சாயங்காலமே செய்தி வந்துவிட்டது.

ஒண்ணாந்தேதி தாளை எழுதும்போது தேசிங்கு வீட்டில் ஒரு கூட்டமே இருந்தது. அதுதான் வருத்தப்பட்டாரே, வாக்கு இல்லை என்று மாற்றிப் போட்டால் என்ன என்று திலகவதி கேட்டார். தேசிங்கு மாற்றவில்லை. வாக்கு: ஆம். பேச்சு: ஒன்று, ஐம்பது விநாடி. அந்தக் கூட்டத்தொடருக்கு மரம் காய்க்கவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை, கோட்டாட்சியர் அறுபத்து மூன்று பேரின் ஆட்சேபத்தையும் மேலே அனுப்பி, நில அளவையை நிறுத்திவைத்து, மறு விசாரணை கலெக்டர் ஆபீசில் என்று உத்தரவு வந்திருந்ததால் ஊரில் வீட்டுக்கு வீடு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சிவலோகநாதன் ஒரு பெட்டியோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மேளம் இல்லை, யாரும் எதிரே போகவும் இல்லை, யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவர் வீட்டுக்குப் போகாமல் ரேஷன் கடைக்குப் போய், வரிசையை மறிக்காமல் ஓரமாக நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். சேதி கேட்டு தேசிங்கு சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார்.

"சரியாத்தான்டா எழுதியிருக்க" என்றார் சிவலோகநாதன்.

"ம்."

"கலெக்டர் ஆபீஸ் கூட்டம் என்னிக்கி?"

"வியாழக்கிழம. பதினோரு மணிக்கு."

சிவலோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு எத்தினி நிமிஷம் தருவாங்க?"

"அங்க நிமிஷக் கணக்கெல்லாம் இல்லடா" என்றார் தேசிங்கு. "ஆனா எனக்கு அப்புறம்தான் உன் பேரு."